ஏழாம் கட்டிலின் மூன்று அழைப்புகள்

எனக்கு யாரையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. பதினான்கு வருஷமாக இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறேன். "நான் ஒண்ணுமே தொடல மிஸ், அதுவா நின்னுபோச்சு" என்று சொன்ன ஒவ்வொருவரும் எதையோ தொட்டிருந்தார்கள். அதனால் செமிலிங் முதியோர் இல்லத்துக்கு அந்தத் திங்கட்கிழமை நான் போனபோதே மனசுக்குள் பாதித் தீர்ப்பு எழுதிவிட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம்.

என் பெயர் நளினி. கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் ஒரு சின்னக் கம்பெனி. முதியோர் இல்லங்களுக்கு அழைப்பு மணிகள் செய்கிறோம். கட்டில் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் முன்மேசையில் இருக்கும் பெட்டி கத்தும், கட்டில் எண்ணுக்கு நேரே சிவப்பு விளக்கு எரியும். பெட்டிக்குள் ஒரு குட்டிக் கணினி. அதில் ஓடும் நிரலில் பாதிக்கு மேல் என் கைவேலை.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, ஏழாம் கட்டில் பிச்சையம்மாள் தனியாகக் கழிவறைக்குப் போகப் பார்த்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. "மூணு தடவ அமுக்குனேன், ஒருத்தியும் வரல" என்று ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். முன்மேசையில் பணியில் இருந்தவள் யோகேஸ்வரி. மணியும் அடிக்கவில்லை, விளக்கும் எரியவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை.

திங்கட்கிழமை அங்கே மூன்று பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் தேவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். பிச்சையம்மாளின் மகன் காளிதாசன் அலோர் ஸ்டாரிலிருந்து கார் ஓட்டி வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. யோகேஸ்வரி சுவரோரம் நின்றாள். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்க்காமல் என் மடிக்கணினியையே பார்த்தாள். ஏன் இவள் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு உடனே மூக்கு வியர்த்துவிட்டது.

பெட்டி தன் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் நேரத்தோடு பதிந்து வைக்கும். ஆறு பன்னிரண்டுக்கு மூன்றாம் கட்டில் அழைப்பு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு, ஏழு மணி இரண்டு நிமிடத்தில் ஒரு வரி: பெட்டி புதிதாகத் துவங்கியது.

அதாவது யாரோ அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார்கள். கிழவி விழுந்த இருபத்திரண்டாவது நிமிடத்தில்! பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். முந்தைய வெள்ளியும் ஏழு மணிக்கு அதே மாதிரி ஒரு வரி. அதற்கு முந்தைய வெள்ளியும். ஆறு வாரமாக, வெள்ளி தவறாமல்.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் டியூட்டி யாரு?" என்றேன்.

"யோகேஸ்வரிதான் மிஸ். ரெண்டு மாசமா அவதான்" என்றார் தேவன்.

"இந்தப் பெட்டி சுவிட்ச யாரு தொடுவா?"

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "நான்தான் மிஸ். பூஜை முடிஞ்சி தட்டுவேன். ஆனா அன்னிக்கு..."

"ஆனா என்ன ஆனா? மணி தொந்தரவா இருக்குன்னு ஒவ்வொரு வெள்ளியும் ஆஃப் பண்ணி வச்சிருக்கே. அந்தம்மா விழுந்ததும் பயந்துபோய் ஆன் பண்ணியிருக்கே. மெஷின் பொய் சொல்லாது" என்றேன்.

காளிதாசன் மேசையை ஓங்கி அறைந்தான். "நான் போலீஸ் பாலாய்ல ரிப்போட் குடுக்கப் போறேன். எங்கம்மா சாக்கடையில விழுந்த பூனைக்குட்டியா லா?" என்று கத்தினான். தேவன் அவனை அமைதிப்படுத்தினார். வெள்ளிக்குள் கம்பெனியின் எழுத்து அறிக்கை வந்துவிடும், அதை வைத்து நடவடிக்கை எடுக்கலாம் என்றார். யோகேஸ்வரியை அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவள் தன் மோட்டோ சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தப்பு செய்தவள் போகிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது, அசிங்கம்.

புதன்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எங்கள் முதலாளி தயாநிதி யாழ்ப்பாணத்து வம்சம். மூன்று தலைமுறையாகக் கெடாவில் இருந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு, "என்ன பிள்ளை, இன்னும் முடியேல்லையோ? எங்கட சிஸ்டத்திலை பிழை இல்லையெண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்தை வையும்" என்றார்.

வைத்திருப்பேன். ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: பெட்டி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை அணைந்திருந்தது? முடிந்த நேரம் ஏழு இரண்டு. துவங்கிய நேரம் வேண்டுமே. அதற்காக வேறொரு கோப்பைத் திறந்தேன். பெட்டி நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று ஒரு புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவள் அணைத்திருக்கிறாள்.

ஆறு பதின்மூன்றுக்குப் புள்ளி இருந்தது. ஆறரைக்கு இருந்தது. ஆறு நாற்பதுக்கு இருந்தது. ஏழு ஒன்று வரை ஒரு புள்ளிகூட விடாமல் இருந்தது.

பிச்சையம்மாள் விழுந்த நிமிடத்தில் பெட்டி விழித்துத்தான் இருந்திருக்கிறது. அணைத்ததெல்லாம் ஏழு மணிக்கு மேல், போட்டதும் உடனே.

உடனே நான் செய்தது என்ன தெரியுமா? மன்னிப்புக் கேட்க ஓடவில்லை. வேறு யார் மேல் சந்தேகப்படலாம் என்று தேடினேன். யாராவது கோப்பைத் திருத்தியிருக்கலாம் என்று முதலாளி மேலேயே சந்தேகம் வந்தது. கோப்பை யாரும் தொடவில்லை. கம்பியைப் பிடுங்கியிருக்கலாம் என்று பார்த்தேன். கம்பி பிடுங்கப்பட்டால் பெட்டி அலறியிருக்கும், அலறவில்லை. கிழவி பொய் சொல்லியிருக்கலாம். அது ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்தபோது இன்னொன்றும் மிச்சம் இருப்பது தெரிந்தது. என்னுடைய நிரல்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணினியின் அடி ஆழத்தில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. எல்லா வேலையையும் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். பொத்தானை அமுக்கினால் ஒரு மின்கம்பி வழியாக அதற்கு ஒரு தட்டல் போகும். இன்டரப்ட் என்போம். வெங்காயம் நறுக்குகிறவளின் தோளைத் தட்டிக் கூப்பிடுவது மாதிரி. தட்டியதும் கெர்னல் செய்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு என் நிரலைக் கூப்பிடும். "உனக்கா பார்." என் நிரல் எந்தக் கட்டில் என்று பொத்தான் பலகையைக் கேட்கும். ஏதாவது ஒரு கட்டில் என்றால் மணியை அடிக்கும். எந்தக் கட்டிலும் இல்லை என்றால், "எனக்கில்லை" என்று திருப்பிச் சொல்லும்.

எனக்கில்லை, எனக்கில்லை என்று ஒன்றிரண்டு தடவை சொன்னால் கெர்னல் சும்மா விட்டுவிடும். ஒரு லட்சம் தட்டலில் ஏறக்குறைய அத்தனைக்கும் அதே பதில் வந்தால் அதற்கும் சந்தேகம் வந்துவிடும். இந்தக் கம்பிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, "இதை யாரும் கண்டுகொள்ளவில்லை, மூடுகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்த வழியையே அடைத்துவிடும். அதன் பிறகு யார் எத்தனை தடவை அமுக்கினாலும் அதன் காதில் விழாது. நிமிடப் புள்ளிக்கு வேறு வழி, அது பாட்டுக்கு ஓடும். அணைத்துப் போட்டால்தான் அடைத்த வழி திறக்கும்.

அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் எல்லாம் அப்போதே விளங்கியிருக்கும். அதைப் பார்க்க முடியாதபடி செய்தவளும் நான்தான். போன வருஷம் வேறொரு வாடிக்கையாளர், திரையில் என்னென்னவோ வரிகள் ஓடுகின்றன, வயசானவர்கள் பயப்படுகிறார்கள் என்று புலம்பினார். கெர்னலின் வாயைக் கட்டிவிட்டேன். திரையிலும் காட்டாதே, குறிப்பிலும் எழுதாதே என்று. எல்லாப் பெட்டிகளிலும் அதே ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு லட்சம் பொய்த் தட்டல் எங்கிருந்து வரும்? அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும்? தேவனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை சாயந்திரம் அங்க என்ன நடக்கும்?"

"பூஜைதான்லா மிஸ். ஆறரையிலேருந்து ஏழு வரைக்கும். ஹால்ல சாமி மேடை இருக்குல்ல."

"எப்பவும் நடக்கறதுதானே? ஆறு வாரமா என்ன புதுசு?"

"புதுசா ஒண்ணும் இல்லியே... ஆங், முன்னெல்லாம் கைமணி அடிப்போம். இப்ப மேள மெஷின் வந்துருச்சு. ஒங்க பாஸ் குடுத்த உபயம்தானே? தெரியாதா ஒங்களுக்கு?"

கோயில்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு சட்டத்தில் மேளம், தாளம், மணி எல்லாவற்றையும் மாட்டி, ஒரு மோட்டார் சுற்றச் சுற்றத் தானாக அடிக்கும்.

"அதுக்கு எந்த பிளக்கு?" என்றேன்.

"முன்மேசைக்குக் கீழதான். ஒங்க பெட்டிக்குப் பக்கத்து ஓட்டை."

நிறுத்த யோகேஸ்வரி தட்டுவது எந்த சுவிட்ச் என்று கேட்கவே தேவையிருக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகை, ஒரே சுவிட்ச். மேளத்தை நிறுத்தப் பலகையையே அணைத்து, மேள மெஷினைக் கழற்றிவிட்டு, மறுபடி போடுகிறாள். அவள் திங்கட்கிழமை சொல்ல வந்தது இதைத்தான். நான்தான் சொல்ல விடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அறிக்கை கேட்டு வந்த தயாநிதியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. "சந்தேகம்தானே பிள்ளை? நிச்சயமில்லாததை ஏன் கிளறுறீர்? கையெழுத்தைப் போட்டிட்டுப் பிறகு ஆறுதலாப் பார்ப்பம்."

"நிச்சயம் பண்ணத்தான் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆறேகாலுக்கு இல்லத்தில் இருந்தேன். மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தேன். முன்மேசையில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை மாற்றிவிட்டிருந்தார்கள். தலைமாட்டில் பிச்சையம்மாளின் தைல பாட்டில் மட்டும் அப்படியே இருந்தது.

ஆறரைக்கு தேவன் கற்பூரம் ஏற்றி மேள மெஷினைப் பிளக்கில் மாட்டிவிட்டார். அப்பப்பா, என்ன சத்தம்! கட்டில்களில் இருந்தவர்கள் கைகூப்பினார்கள். என் திரையில் தட்டல் கணக்கு அதுவரை நாற்பத்தொன்றில் இருந்தது. நான் பார்க்கப் பார்க்க ஆயிரம், எட்டாயிரம், முப்பதாயிரம் என்று ஏறியது. மோட்டாரின் இரைச்சல் மின்சாரத்தோடு சேர்ந்து என் கம்பிக்குள் புகுந்து தட்டு தட்டென்று தட்டிக்கொண்டிருந்தது. என் நிரல் ஒவ்வொன்றுக்கும் எனக்கில்லை, எனக்கில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு லட்சம். எண் அப்படியே நின்றது.

எழுந்து போய் ஏழாம் கட்டிலில் உட்கார்ந்தேன். பொத்தானை அமுக்கினேன். முன்மேசையில் விளக்கு எரியவில்லை. மறுபடி அமுக்கினேன். அந்தப் புதுப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை கட்டைவிரல் வலிக்க அமுக்கினேன். மேளத்துக்கு மேலே என் குரலும் எடுபடாது. இருபதடி தூரத்தில் ஆள் இருக்கிறாள், கூப்பிடுகிறேன், வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேள மெஷினின் முன்பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: உபயம், திரு. தயாநிதி குடும்பத்தினர்.

பூஜை முடிந்ததும் தேவனை அழைத்து எல்லாவற்றையும் காட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அய்யய்யோ. யோகேஸ்வரியே எழுதிக் குடுத்துட்டாளே மிஸ்."

"என்னத்த எழுதிக் குடுத்தா?"

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பள்ளிக்கூடக் கையெழுத்து. "பூஜை நேரத்தில் பெட்டியை நான்தான் அணைத்து வைத்தேன். பிச்சையம்மாள் பாட்டி விழுந்ததற்கு நானே காரணம்." கீழே யோகேஸ்வரியின் கையெழுத்தும் நேற்றைய தேதியும்.

என் புத்தி அப்போதும் மாறவில்லை. செய்யாத தப்பை ஒருத்தி ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும், இதில் வேறேதோ இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு தேவனிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினேன். பெட்டி காது கேளாமல் போனது என் நிரலால், அதை மறைத்ததும் என் ஏற்பாடு, யோகேஸ்வரி எதையும் அணைத்து வைக்கவில்லை, அணைத்து வைத்தாள் என்று நான் சொன்னது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படம் பிடித்துக் காளிதாசனுக்கும் முதலாளிக்கும் அனுப்பினேன். யோகேஸ்வரியின் தாளை என் பைக்குள் வைத்தேன். தேவன் தடுக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் தயாநிதி கூப்பிட்டார். "என்ன வேலை பார்த்து வச்சிருக்கிறீர்? என்ரை பேர் அந்த மெஷினிலை இருக்குது பிள்ளை!"

"என் பேர் நிரல்ல இருக்கு பாஸ்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குமா என்று இதை எழுதும்போதும் தெரியாது. தெரியும்போது தெரியட்டும்.

சனிக்கிழமை காலை யோகேஸ்வரியின் வீட்டைத் தேடிப் போனேன். செமிலிங் பக்கத்திலேயே ஒரு தாமான் குடியிருப்பில் கோடி வீடு. கதவைப் பாதி திறந்தவள் என்னைக் கண்டும் கதவுச் சங்கிலியை எடுக்கவில்லை.

"அதான் எழுதிக் குடுத்துட்டேனே. இன்னும் என்ன மிஸ்?"

"நீ ஏன் எழுதினே? நீ அணைச்சி வைக்கலையே."

கதவு இடைவெளி வழியாகவே சொன்னாள். "எனக்குத் தெரியல மிஸ். பூஜை முடிஞ்சிதான் தட்டுவேன். ஆனா அன்னிக்கு முன்னாடியே தட்டிட்டேனோ, மறந்துட்டேனோன்னு... நாலு நாளா யோசிச்சி யோசிச்சி எனக்கே சந்தேகமாயிருச்சு. மெஷின் பொய் சொல்லாதுன்னு நீங்க சொன்னீங்க. படிச்சவங்க. அப்ப பொய் சொல்றது நான்தானேலா."

அந்தத் தாளை எடுத்து அவள் கண் முன்னாலேயே கிழித்தேன். என்ன நடந்தது என்று சொன்னேன். மோட்டார், தட்டல், அடைபட்ட வழி எல்லாவற்றையும் கதவிடுக்கு வழியாகத்தான் சொன்னேன். "தப்பு என்னோடது. மன்னிச்சிடு" என்றேன்.

அவள் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப பாட்டி நெசமாவே மூணு தடவ கூப்பிட்டாங்களா?" என்றாள்.

"ஆமா."

"நான் அங்கதானே மிஸ் ஒக்காந்திருந்தேன்." சங்கிலியைப் பிடித்தபடியே அழுதாள். "கீழேருந்து தூக்கும்போது நான் அவங்கள ஏசிட்டேன். அமுக்கவே இல்ல, பொய் சொல்லாதீங்க பாட்டின்னு. அந்த வலியில அவங்க என்னையே பாத்தாங்க."

என் காரிலேயே சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிச்சையம்மாள் சன்னலோரக் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காளிதாசன் எங்களைப் பார்த்ததும் எழுந்தான். என் தாளைப் படித்திருக்கிறான். யோகேஸ்வரியைப் பார்த்து, "சாரி தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். என்னிடம் பேசவில்லை, அது நியாயம்தான்.

"இவ யாரு?" என்றார் பிச்சையம்மாள் என்னைக் காட்டி.

"அன்னிக்கு மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னவங்கம்மா" என்றான் காளிதாசன்.

"மெஷின்தான் பாட்டி பொய் சொல்லிச்சு. நானும்தான். நீங்க மூணு தடவ அமுக்குனது உண்மை" என்றேன்.

"அத எனக்கே சொல்ல வந்தியா? எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரத்தில் ஒரு தாதி வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள். முகம் சுளித்தாள். "மறுபடியும் நனைஞ்சிருக்கு. நேத்திலேருந்து சொல்றேன், வேணும்னா பெல் அமுக்குங்க பாட்டின்னு. கேக்கவே மாட்டேங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்க." தலையணை ஓரத்தில் வெள்ளை வயரில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் செய்த பொத்தான் இல்லை, நல்ல பொத்தான்.

அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது வேலை செய்யும் பாட்டி. அமுக்கிப் பாருங்க. நான் சொல்றேன்ல."

"நீதான் சொல்றே" என்றார். பொத்தானை விரல் படாமல் வயரைப் பிடித்துத் தூக்கி, தலையணைக்கு அடியில் செருகினார்.

தாதி விரிப்பை மாற்றிவிட்டுப் போனாள். காளிதாசன் கீழே தேநீர் வாங்கப் போனான். யோகேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

பிச்சையம்மாள் கண்ணை மூடிக்கொண்டே மெதுவாகக் கூப்பிட்டார்.

"யோகேசு."

பெயர் முடிவதற்குள் அவள் எழுந்து நின்றிருந்தாள்.